உடைக்க அனுமதி

அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஒரு பீரோ உண்டு. கண்ணாடிக் கதவு, கனமான பூட்டு. உள்ளே நுண்ணோக்கி, லென்ஸ், பியூரெட் எல்லாம் தூசு படிந்து கிடக்கும். வெளியே எடுத்தால் மாணவன் உடைத்துவிடுவான். உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். எனவே ஒளிவிலகலைப் பாடநூலில் படமாகப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்வதே எல்லோருக்கும் பத்திரம்.

இந்தப் பூட்டுக்கு மாற்றுவழி தேடியவர்கள் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட அகஸ்தியா சர்வதேச அறக்கட்டளையினர். வெளிநாட்டு வங்கி வேலையை விட்டுத் திரும்பிய ராம்ஜி ராகவன் தலைமையில் 1999இல் தொடங்கிய அமைப்பு இது. பள்ளியில் சோதனைச்சாலை இல்லையா, வேனில் ஏற்றி அனுப்பு என்பது இவர்கள் கணக்கு. மலிவான பொருள்களால் செய்த மாதிரிகளைச் சுமந்துகொண்டு வேன்கள் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போகின்றன. கர்நாடகம், தமிழகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் பகுதியில், குப்பம் அருகே 172 ஏக்கரில் வளாகமும் இருக்கிறது. இவர்கள் நடத்தும் அறிவியல் கண்காட்சிகளில் விளக்கம் சொல்பவர்களும் மாணவர்களே. ஆசிரியர் முன் வாய் திறக்காத பிள்ளை, இன்னொரு பிள்ளைக்கு விளக்கும்போது தனக்கு எது புரியவில்லை என்பதையும் கண்டுபிடித்துவிடும்.

மலிவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதை வெகுமுன்பே உணர்ந்தவர் கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அர்விந்த் குப்தா. 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பணியாற்றியபோது அவர் உருவாக்கிய விளையாட்டுக்குத் தீக்குச்சிகளும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளும் போதும். துண்டின் இரு முனைகளிலும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். நான்கு குச்சிகளில் சதுரம் செய்து அழுத்தினால் கோணலாகச் சாயும். மூன்று குச்சி முக்கோணம் அசைந்து கொடுக்காது. ரயில் பாலத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது விரலுக்கே புரிந்துவிடும். குச்சி முறிந்தால் இன்னொரு குச்சி. பதிவேடு கிடையாது.

அவர் பங்கேற்ற ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. செய்து பார்த்துக் கற்பதே அங்கு பாடத்திட்டம். தேர்வையும் மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்து விடை எழுதலாம். ஆனால் சோதனையும் செய்து காட்ட வேண்டும். எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் அதே மாணவர்கள் பழைய மனப்பாடத் தேர்வுக்கே திரும்ப வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள் நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது.

மத்திய அரசு இப்போது தாராளமாகவே செலவிடுகிறது. 2016இல் அறிவித்த அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 10,000 பள்ளிகளை எட்டிவிட்டன. பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி. முப்பரிமாண அச்சு இயந்திரம், சென்சார், ரோபோ பாகங்கள் எல்லாம் வாங்கலாம். அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் வரும் என்று 2025 பட்ஜெட் சொன்னது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பொருளின் விலை ஏற ஏறப் பூட்டும் கனமாகும். தீக்குச்சியை அள்ளிக் கொடுக்கும் ஆசிரியர், அச்சு இயந்திரத்தின் அருகே பிள்ளைகளை விடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சேதத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று எழுத்தில் தர வேண்டியது அரசு. சோதனை செய்ததற்கு மதிப்பெண் தர வேண்டியது தேர்வு வாரியம். இரண்டுக்கும் 20 லட்சம் தேவையில்லை.

ஆய்வகத்தைப் பார்வையிட வரும் அதிகாரி என்னென்ன வாங்கினீர்கள் என்று கேட்பது வழக்கம். இந்த ஆண்டு எத்தனை உடைந்தன என்றும் கேட்கட்டும். ஒன்றுகூட இல்லை என்று பெருமையோடு பதில் வந்தால், பீரோ திறக்கப்படவே இல்லை என்று பொருள்.