மாத்திரை வாசலுக்கு வருகிறது, அளவை யார் சொல்வது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மலை ஊர்களுக்கு இது பேருதவி. ஆனால் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா, இன்சுலின் எத்தனை யூனிட் என்று கேட்க இன்னும் டாக்டரைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலையின் உள்ளூர்களிலிருந்து ஜமுனாமரத்தூர் வர வேண்டும். அங்கு முடியாவிட்டால் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ மலை இறங்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று. இந்த இடைவெளியில்தான் கைபேசிச் செயலி நுழைகிறது. சர்க்கரை அளவையும் சாப்பாட்டையும் தட்டினால் ஊசி அளவைச் சொல்லிவிடும், அதுவும் இலவசமாக.

இப்போதுள்ள நிலையில் அந்த எண்ணை நம்பி யாரும் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது.

இன்சுலின் அளவு கணக்கிடும் 46 செயலிகளை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு செயலிகள் தவறான அளவைச் சொல்லக்கூடியவை. பாதிக்கு மேற்பட்டவை கட்டம் காலியாக இருந்தாலும் விடை தந்தன. குறையே இல்லாதது ஒன்றே ஒன்று. பழைய ஆய்வுதான், சில செயலிகள் இதற்குள் திருந்தியிருக்கும். எது திருந்தியது என்று சாமை விதைக்கும் விவசாயி எப்படிக் கண்டுபிடிப்பார்?

நம் ஊருக்கென்று தனி ஆபத்தும் உண்டு. இங்கே பரவலாகப் புழங்கும் இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுவதில் 100. சிரிஞ்சுகளும் வேறு வேறு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. செயலி ‘20 யூனிட்’ என்கிறது. 100 வகை மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். மாற்றிச் செய்தால் வெறும் 8. செயலியின் கணக்கில் பிழையே இருக்காது. ஆள் மயங்கிக் கிடப்பார்.

இந்தச் செயலிகளின் சூத்திரமும் சாப்பாட்டு வேளைக்கென்று தனியாகப் போடும், விரைந்து வேலைசெய்யும் இன்சுலினுக்காக எழுதப்பட்டது. நம்மவர்கள் பலர் போட்டுக்கொள்வது 30/70 கலவை. இந்த வேளைச் சர்க்கரையைப் பார்த்து அதைக் கூட்டினால், அதிலுள்ள மெதுவான பகுதி பல மணி நேரம் கழித்தும் சர்க்கரையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுப் பட்டியலில் ரொட்டித் துண்டு இருக்கும், களி உருண்டை இருக்காது. பகலெல்லாம் கொல்லையில் வேலை செய்தவருக்கு இரவில் சர்க்கரை 70க்குக் கீழே போனால், ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் என்ன ஆகும்?

கணிப்பான்களே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட்டு, அது 45க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைக்கவும் 30க்குக் கீழே போனால் நிறுத்தவும் டாக்டருக்கு அவை உதவுகின்றன. அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறார். தனியாளின் கைபேசியில் அந்த ஆள் இல்லை. மருத்துவப் பயன்பாட்டு மென்பொருளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2020 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த விதியைக் காட்டி, சோதிக்கப்படாத இன்சுலின் கணிப்பான்களைச் செயலிக் கடைகளிலிருந்து இறக்க வேண்டும்.

மாநில அரசு செய்ய வேண்டியது வேறு. தமிழில், சிக்னல் இல்லாமலும் ஓடுகிற ஒரு செயலியைச் செவிலியர் கையில் கொடுக்கட்டும். குப்பி 40ஆ 100ஆ என்று அது முதலில் கேட்கட்டும். டாக்டர் அந்த நோயாளிக்கு வகுத்த எல்லையைத் தாண்டினால் விடை தர மறுத்து, தொலைமருத்துவத்துக்கு அனுப்பட்டும். இது தயாராகும்வரை நோயாளியின் நோட்டில் டாக்டர் ஒரு சிறு அட்டவணை எழுதித் தரலாம்: காலைச் சர்க்கரை இவ்வளவு என்றால் இத்தனை யூனிட், இதற்குக் கீழே என்றால் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுச் செவிலியரைக் கூப்பிடு. சார்ஜ் தேவைப்படாத செயலி அது!

செயலி, அட்டவணை இரண்டுக்குமே முதலில் சர்க்கரையை அளந்தாக வேண்டும். வீட்டில் இன்சுலின் போடும் மலைவாசிகளுக்குக் குளுக்கோமீட்டரும் மாதாமாதம் ஸ்ட்ரிப்பும், மாத்திரை வரும் அதே பையில் இலவசமாக வரட்டும். ஜமுனாமரத்தூர் ஒன்றியத்திலேயே இதைத் தொடங்கலாம்.