கம்ப்யூட்டர் சிறப்பு மலர்: காசு கொடுத்து வாங்கலாமா?

இங்கிலாந்தில் ரெயில் நிலையக் கடைகளிலும் பெரிய மளிகைக் கடைகளிலும் பத்திரிகைகளுக்கென்று தனி அலமாரி உண்டு. சமையல், தோட்டம், கால்பந்து, குழந்தை வளர்ப்பு என்று வரிசை வரிசையாகப் பத்திரிகைகள் நிற்கும். அந்த வரிசையின் ஒரு மூலையில், தடித்த அட்டையோடு சில புத்தகங்கள் பளபளக்கும்.

கம்ப்யூட்டரை ஒரே வாரத்தில் கற்றுத் தருவதாக ஒன்று சொல்லும். செல்போனின் ரகசியங்களை எல்லாம் சொல்வதாக மற்றொன்று அழைக்கும். செயற்கை அறிவை வீட்டில் உபயோகிப்பது எப்படி என்று இன்னொன்று கண்ணைச் சிமிட்டும்.

இவை மாதப் பத்திரிகைகள் அல்ல. முழுப் புத்தகங்களும் அல்ல. இரண்டுக்கும் நடுவே உள்ளவை. மாதப் பத்திரிகை நடத்துகிறவர்களே இவற்றைத் தனியாக அச்சிட்டு விற்கிறார்கள். தமிழில் "சிறப்பு மலர்" என்று சொன்னால் பொருந்தும். ஆனால் தீபாவளி மலர் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். இந்த மலர்களோ ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கின்றன!

விலை என்ன? பெரும்பாலும் 10 பவுண்டுக்கு மேல். இந்தியப் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல.

கொடுக்கும் காசுக்கு இந்த மலர்கள் தகுமா?

யார் வாங்குகிறார்கள்?

கம்ப்யூட்டரில் கைதேர்ந்தவர்கள் இவற்றை வாங்குவது குறைவு. அவர்களுக்கு வேண்டியது இணையத்திலேயே கிடைத்துவிடுகிறது. வாங்குகிறவர்களில் பலர் புதிதாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள்.

ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்ளலாம். பென்ஷன் விவரம் பார்க்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். பேரனிடம் பத்துத் தடவை கேட்டாகிவிட்டது. பதினோராவது தடவை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. "இதுகூடத் தெரியாதா தாத்தா?" என்று பேரன் சிரித்துவிட்டால்?

அச்சடித்த தாள் சிரிப்பதில்லை. கோபிப்பதும் இல்லை. ஒரே பக்கத்தை நூறு தடவை புரட்டினாலும் அலுத்துக்கொள்ளாது. சிறப்பு மலரின் முதல் லாபம் இதுதான்.

"எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள். கிடைப்பது உண்மைதான். ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்தவனுக்குத்தான் அது கிடைக்கும். புதியவனுக்குக் கேள்வியே தெரியாது. போதாக்குறைக்கு, உதவி கேட்டுத் தேடுகிறவர்களைப் பிடிக்க, போலி தொலைபேசி எண்களோடு மோசடிக்காரர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பேசிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

எது முதல் பாடம், எது இரண்டாம் பாடம் என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது ஒரு நல்ல மலரின் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்தால், கொடுத்த காசு வீண் அல்ல.

வெறும் பெட்டி செய்த வேலை!

ஒரு பத்திரிகை என்னதான் செய்துவிட முடியும்? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் பதில் சொல்லும்.

1975 ஜனவரி மாதத்து "பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்" இதழின் அட்டையில் ஒரு கம்ப்யூட்டர் படம் வெளிவந்தது. அதன் பெயர் ஆல்டேர் 8800. பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். விலை 397 டாலர்.

அந்த இதழ் 1974 டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த பத்திரிகைக் கடையில் பால் ஆலன் என்ற இளைஞர் அதை வாங்கினார். தம் நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த நண்பர்தான் பில் கேட்ஸ். இருவரும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு சாப்ட்வேர் எழுதினார்கள். 1975-லேயே "மைக்ரோசாப்ட்" கம்பெனி பிறந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதன்முதலில் செய்த ஆல்டேர் கம்ப்யூட்டர், பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பும் வழியில் காணாமல் போய்விட்டது. இதழ் வெளியாகும் நாளோ நெருங்கிவிட்டது. என்ன செய்வது? உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு பெட்டியை அனுப்பினார்கள். அட்டையில் வந்த படம் அந்த வெறும் பெட்டியின் படம்தான்!

அட்டை காலி. ஆனால் உள்ளே அச்சான கட்டுரையில் சரக்கு இருந்தது. கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது, அதை எப்படிப் பூட்டுவது என்று விளக்கம் இருந்தது. ஆகவே, அட்டையைப் பார்த்து எந்த மலரையும் வாங்கவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. உள்ளே புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஆறு நாள் வேலை ஒரு தட்டில்!

அடுத்த சம்பவம் இந்தியாவில் நடந்தது.

1995 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் அது வரும். ஆமை வேகம்! வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு சி.டி. தட்டு நிறையும் அளவு செய்தியை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போட்டால், இரவு பகலாக ஆறு நாளுக்கு மேல் வருகிறது. நடுவில் தொலைபேசி அறுந்தால் மறுபடி முதலில் இருந்து!

அந்த நிலையில், 1996-ல் "பி.சி.குவெஸ்ட்" என்ற இந்தியக் கம்ப்யூட்டர் பத்திரிகை "லினக்ஸ்" சாப்ட்வேர் அடங்கிய சி.டி.யை இதழோடு சேர்த்துக் கொடுத்தது. லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை சாப்ட்வேர். பின்லாந்தில் படித்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் தொடங்கி வைத்தது. யாரும் இலவசமாக உபயோகிக்கலாம்.

பத்திரிகையின் விலைக்கு, பல நாள் வேலை ஒரு தட்டில் அடங்கி வந்தது. பல இந்திய மாணவர்கள் லினக்ஸை முதன்முதலில் தொட்டது அப்படித்தான். அன்றைக்கு அந்த இதழ் கொடுத்த காசுக்குப் பல மடங்கு பெறும்.

இன்று? கையில் உள்ள செல்போனிலேயே அதே அளவு செய்தி சில நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. சி.டி. போடும் இடமே இல்லாத கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. ஆகவே இனி "தட்டு இலவசம்" என்பதற்காக ஒரு மலரை வாங்குவதில் அர்த்தம் இல்லை.

அட்டையில் ஒட்டிய கம்ப்யூட்டர்!

தட்டின் காலம் முடிந்த பிறகும் ஒரு பத்திரிகை உலகத்தை ஆச்சரியப்பட வைத்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் "ராஸ்ப்பெர்ரி பை" என்ற அமைப்பு இருக்கிறது. பிள்ளைகள் கற்பதற்காக மலிவான கம்ப்யூட்டர்களைச் செய்வது அதன் தொழில். 2015 நவம்பர் 26-ந் தேதி "பை சீரோ" என்ற புதுக் கம்ப்யூட்டரை வெளியிட்டார்கள். நீளம் 65 மில்லிமீட்டர். அகலம் 30 மில்லிமீட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. விலை 5 டாலர்!

அன்று வெளியான "மேக்பை" பத்திரிகையின் அட்டையில் அந்தக் கம்ப்யூட்டரையே ஒட்டிக் கொடுத்தார்கள். இதழின் விலை 5 பவுண்டு 99 பென்சு. கடைகளில் இருந்த பிரதிகள் வேகமாகத் தீர்ந்துபோயின. அதே இதழை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்று சொல்லியிருந்தும், ஜனங்கள் கடையில் தேடித் தேடி வாங்கினார்கள்.

ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் வேலை செய்ய வேண்டுமானால் நினைவு அட்டை வேண்டும்; மின்சாரம் கொடுக்கும் சாதனம் வேண்டும்; தட்டச்சுப் பலகை வேண்டும்; திரை வேண்டும். வீட்டில் இவை இருந்தவனுக்கு அது பெரிய லாபம். இல்லாதவனுக்கோ, குதிரை இலவசம், சேணத்துக்குப் பணம் என்ற கதைதான்.

பழசாகும் மலர், பழசாகாத மலர்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வரலாம். கம்ப்யூட்டர் மலர்களுக்குப் பெரிய எதிரி, காலம்.

"விண்டோஸ் 10" என்ற சாப்ட்வேர் 2015-ல் வந்தது. அதைக் கற்றுத்தர எத்தனையோ மலர்கள் வெளியாயின. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் சொன்ன மலர்கள் அதோடு பழைய காகிதக் கடைக்குப் போக வேண்டியவை ஆகிவிட்டன.

இன்னொரு மலரைப் பாருங்கள். அமெரிக்காவில் "பைட்" என்ற கம்ப்யூட்டர் பத்திரிகை 1975 முதல் 1998 வரை அச்சில் வந்தது. 1981 ஆகஸ்டு இதழை "ஸ்மால்டாக்" என்ற கம்ப்யூட்டர் மொழிக்கென்றே சிறப்பு இதழாக வெளியிட்டார்கள். அட்டையில் வண்ண வண்ணமாக ஒரு வெப்பக்காற்று பலூன் பறக்கும். அந்த மொழியைப் பற்றி அதை உருவாக்கியவர்களே உள்ளே எழுதியிருந்தார்கள். சாப்ட்வேர் எழுதும்போது எப்படிச் சிந்திப்பது என்பதை விளக்கினார்கள்.

நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. கம்ப்யூட்டர் படிப்பவர்கள் இன்றும் அந்த இதழைத் தேடிப் படிக்கிறார்கள்.

இரண்டு மலருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று "இதை அழுத்து" என்றது. மற்றொன்று "இது ஏன் இப்படி" என்று சொன்னது. பொத்தான் மாறும். காரணம் எளிதில் மாறாது.

வீட்டுக்கு வாங்கும் மலருக்கும் இது பொருந்தும். கடவுச்சொல்லை ஏன் பிறருக்குச் சொல்லக்கூடாது, மோசடிக் கடிதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, படங்களை ஏன் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும் - இவற்றைச் சொல்லும் பக்கங்கள் பல ஆண்டு பயன்படும்.

புது அட்டை, பழைய சரக்கு

இன்னும் ஒரு எச்சரிக்கை. மாதப் பத்திரிகையில் ஏற்கெனவே வந்த கட்டுரைகளையே திரட்டிச் சிறப்பு மலராக்குவது இந்தத் தொழிலில் வழக்கம். போன வருஷத்து மலருக்குப் புது அட்டை போட்டு, சிறிது திருத்தி, "புதிய பதிப்பு" என்று விற்பதும் உண்டு.

இது மோசடி என்று சொல்லிவிட முடியாது. முதல்முறை படிப்பவனுக்கு அது புதுச் சரக்குதான். ஆனால் மாதாமாதம் பத்திரிகை வாங்குகிறவன் ஒரே சரக்குக்கு இரண்டு தடவை விலை கொடுக்கிறான்.

பத்திரிகைக்காரர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். "பி.சி. மேகசீன்" 2009-ல் அச்சை நிறுத்தியது. "பி.சி. வேர்ல்டு" 2013-ல் நிறுத்தியது. 2000-ல் தொடங்கிய "லினக்ஸ் பார்மட்" 2025-ல் முடிந்தது. மாத இதழ் விற்காதபோது, அதிக விலை வைத்த சிறப்பு மலரால்தான் பல கம்பெனிகள் அச்சு எந்திரத்தை ஓட்டுகின்றன. நல்ல மலர்களை வாங்க ஆள் இல்லாவிட்டால், கூச்சப்படும் தாத்தாவுக்குத் தாளில் சொல்லித்தர ஆள் இருக்காது.

வாங்கும் முன் ஐந்து கேள்வி

பணப்பையைத் திறப்பதற்கு முன்னால் கடையிலேயே நின்று ஐந்து விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

முதலாவது: உள்பக்கத்தில் எந்த வருஷம் போட்டிருக்கிறது? அட்டையை நம்ப வேண்டாம்.

இரண்டாவது: வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் அது பொருந்துமா? வேறு சாதனத்துக்கான மலர் வீட்டில் தூங்கும்.

மூன்றாவது: பொருளடக்கத்தில் உள்ள கட்டுரைகள் ஏற்கெனவே படித்தவையா?

நான்காவது: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பத்தி படித்தால் புரிகிறதா? "எப்படி" என்பதோடு "ஏன்" என்பதும் அதில் இருக்கிறதா?

ஐந்தாவது: வீட்டில் அதை உட்கார்ந்து படிக்கப்போவது யார்? பெயர் சொல்ல முடியாவிட்டால், வாங்காமல் இருப்பது நல்லது.

இன்னும் ஒரு வழியும் இருக்கிறது. பிரிட்டனில் பல பொது நூலகங்களில் உறுப்பினர்கள் பத்திரிகைகளைச் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். அப்படி வசதி உள்ளவர்கள் முதலில் நூலகத்தில் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் கடைக்குப் போகலாம்.

முடிவு என்ன?

மாதாமாதம் வரும் மலர்களை எல்லாம் வாங்கி அடுக்குவது வீண் செலவு. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை.

ஆனால் புதிதாகக் கற்கும் ஒருவருக்கு, புரியும் மொழியில், சரியான வரிசையில், காரணத்தோடு சொல்லித் தரும் ஒரே ஒரு மலர் போதும். அதை வாங்கலாம். அலமாரியில் வைத்துப் பூட்டாமல் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுத வேண்டும். தாள் கசங்கும் வரை புரட்ட வேண்டும்.

அப்படிக் கசங்கிய மலர் ஆயிரம் ரூபாய் பெறும். கசங்காத மலர் பத்துப் பைசா பெறாது!