பொருந்தாத உறுப்புகளும் படிக்காத நாமும்



சென்ற வாரம் என் முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தையைச் சந்தையில் கண்டேன். பையன் இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். “டீச்சர், இவன் கேம் விளையாடுற கம்பியூட்டர் வேணும்னு அடம் பிடிக்கிறான். தானே பாகம் பாகமா வாங்கிப் பூட்டிக்குவானாம். நீங்களாவது புத்தி சொல்லுங்க” என்றார். பக்கத்தில் நின்ற என் சக ஆசிரியை உடனே, “வாங்கிக் கொடுத்தால் படிப்பு போய்விடும்” என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். தந்தையும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் சமூகத்தில் இரு வகைப் பெற்றோரைப் பார்க்கிறேன். ஒரு சாரார் கேட்ட உடனே மறுப்பார்கள். மறு சாரார் கடைக்குப் போய், விற்பனையாளர் காட்டிய ‘செட்’டைக் கேள்வி கேட்காமல் வாங்கி வருவார்கள். இரு சாராரும் பிள்ளையிடமிருந்து ஒரே பொருளைப் பறிக்கிறார்கள். உறுப்புகளைத் தேடி, படித்து, ஒப்பிட்டு, ஒன்றோடொன்று பொருந்துமா என்று தானே முடிவெடுக்கும் வாய்ப்புதான் அது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் விடுமுறையில் என் மகனுக்காகக் கணினி உறுப்புகள் வாங்கினோம். அவன் எழுதிய பட்டியலை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கடையில் “நல்ல ரேம் ஒன்று கொடுங்கள்” என்று நானே கேட்டேன். புதியது, வேகமானது என்று டிடிஆர்5 நினைவகத்தைக் கொடுத்தார்கள். எங்கள் தாய்ப்பலகையோ டிடிஆர்4 ஏற்பது. வீட்டில் நான் அழுத்தப் போனபோது மகன் என் கையைப் பிடித்தான். “அம்மா, அழுத்தாதீங்க. வெட்டு வேற இடத்துல இருக்கு” என்றான். உறை பிரித்துவிட்டதால் கடையில் திரும்பப் பெறவில்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது, நான் படிக்கவில்லை. வாரந்தோறும் கருத்துணர்தல் பாடம் நடத்தும் நான்தான் படிக்கவில்லை! அந்த நினைவகம் இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

பொருத்தம் என்றால் என்ன? பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. செயலியும் தாய்ப்பலகையும்: செயலி அமரும் குழிக்கு ஒரு பெயர் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 12, 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளுக்கு எல்ஜிஏ 1700. ஏஎம்டி நிறுவனத்தின் பழைய ரைசன்களுக்கு ஏஎம்4. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையிலிருந்து ஏஎம்5. ஒன்றில் மற்றொன்று உட்காராது. குழி ஒத்திருந்தாலும் சில வேளைகளில் தாய்ப்பலகையின் பயோஸ் மென்பொருள் பழையதாக இருந்தால் புதிய செயலியை அது அடையாளம் காணாது.

2. நினைவகம்: டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள்தாம். நடுவிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். எல்ஜிஏ 1700 பலகைகளில் இரு வகையும் உண்டு. ஏஎம்5 பலகையில் டிடிஆர்5 மட்டுமே.

3. வரைகலை அட்டை: கணினி விளையாட்டுக்கு உயிர் இதுவே. இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் வரைகலைத் திறன் கிடையாது. தனி அட்டை இல்லாமல் திரையில் படமே வராது. அட்டையின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

4. பெட்டி: ஏடிஎக்ஸ் தாய்ப்பலகை 305 × 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிக அளவாக 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. சிறிய பெட்டியில் பெரிய பலகை நுழையாது. குளிர்விப்பானின் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

5. மின்வழங்கி: எல்லா உறுப்புகளும் உண்ணும் மின்சாரத்தைக் கூட்டி, அதற்கு மேல் இடம் விட்டு வாங்க வேண்டும். கழற்றி மாட்டும் வடங்கள் கொண்ட மின்வழங்கியில் வேறு நிறுவனத்தின் வடத்தைச் செருகவே கூடாது. முனை ஒரே வடிவில் இருக்கும். உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். உறுப்பு கருகிவிடும்.

இவற்றில் எது நம் பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது? குழியின் பெயரைத் தேடிப் படிப்பது கருத்துணர்தல். பெட்டியை அளப்பது நீட்டலளவை. மின்வழங்கிக் கணக்கோ நான்காம் ஆண்டு கூட்டல். கோர் ஐ5 12400எஃப் செயலி உச்சத்தில் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை 115 வாட், மொத்தம் 232. மற்ற உறுப்புகளுக்கு 80 என்று வைத்தால் 312. ஆகவே 550 வாட் கொண்ட தரமான மின்வழங்கி தாராளமாகப் போதும். இந்தக் கூட்டலைச் செய்த சிறுவனிடம் எவரும் 1000 வாட் மின்வழங்கியை விற்க முடியாது. செய்யாத தந்தையிடம் விற்கலாம்!

செட் வாங்குவோருக்கும் ஒரு சொல். “ஐ7 கம்பியூட்டர், மலிவு விலை” என்று விளம்பரம் செய்வார்கள். எந்தத் தலைமுறை ஐ7 என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். 2012இல் வந்த ஐ7 3770ஐ விட 2022இல் வந்த ஐ3 12100 வேகமானது. பெயரில் சிறிய எண் உள்ளதே ஓட்டத்தில் வெல்கிறது. மேலும், பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளில் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாப்ட் அதிகாரப்பூர்வமாக ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. மாதாமாதம் சேர்த்த பணத்தில் இத்தகைய பழைய பெட்டியை, வண்ண விளக்கு எரிகிறது என்பதற்காக வாங்கி வரும் பெற்றோரை நான் அறிவேன். விளக்கு எரிகிறது, விளையாட்டு ஓடவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதைப் பினாங்கில் இருந்துகொண்டு எழுத வேண்டியிருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1972இல் பாயான் லெப்பாசில் தாராள வாணிப வட்டாரம் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அவ்வாண்டே இங்கு அமைத்தது. ஏஎம்டியும் அதே காலக்கட்டத்தில் வந்தது. பிறகு பல ஆண்டுகள் உலகெங்கும் விற்ற இன்டெல் செயலிகள் பலவற்றின் முதுகில் ‘மலாய்’ என்ற ஆங்கிலப் பொறிப்பு இருந்தது. மலேசியாவில் பொதியப்பட்டது என்பதன் அடையாளம் அது.

என் அம்மாவும் நான் பிறப்பதற்கு முன்பே அப்பகுதித் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவர். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நுண்ணோக்கி வழியே பார்த்துச் சில்லில் இணைக்கும் வேலை. விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து ஏறுவார். நாற்பது வயதுக்கு முன்பே கண் மங்கியது. தம் கையால் செய்த பொருள் எதற்குள் போகிறது, என்ன வேலை செய்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்கும் இடத்தில் அவர் இல்லை. அவருடைய பேரன் கேட்கிறான். “வாயை மூடிக்கொண்டு படி” என்று நாம் அவனிடம் சொல்லலாமா? அம்மா அறியாதிருந்தது அவர் குற்றமன்று. இன்று பேரனும் அறியாதிருந்தால் அது ஆசிரியரான என் குற்றம்.

எதிர்வாதங்கள் உண்டு என்பதை அறிவேன்.

“விளையாட்டுக்கு அடிமையாகிவிடுவானே!” நியாயமான அச்சம். உலகச் சுகாதார நிறுவனமே 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாற்றைச் சேர்த்துள்ளது. சொந்தமாகக் கணினி கட்டிய பிள்ளை அளவோடு விளையாடுவான் என்று நான் உறுதி கூறவில்லை. கணினியைக் கூடத்தில் வையுங்கள். நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கணினிக்கு மறுக்கும் அதே வீட்டில் பிள்ளையின் கையில் இரவு முழுவதும் கைப்பேசி இருக்கிறது. அதைத் திறக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது, அதிலிருந்து கற்கவும் முடியாது. அச்சம் உண்மையானால் அங்கிருந்து தொடங்குங்கள்.

“எங்களிடம் பணம் இல்லை.” இதுவே என்னை வாயடைக்கும் வாதம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அப்பாவின் ஒரே கைப்பேசிக்காக மாலை வரை காத்திருந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். ஆயிரக்கணக்கில் செலவு செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆயினும், பட்டியல் போடுவதற்குத் தாளும் எழுதுகோலும் போதும். “இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டுக்குள் பொருந்தும் உறுப்புகளைத் தேர்ந்தெடு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுது” என்று சொல்லிப் பாருங்கள். வாங்காவிட்டாலும் அறிவு தங்கும். வாங்கும் நாள் வந்தால் பணமும் தங்கும்.

ஆசிரிய நண்பர்களே, நம் பள்ளிகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்றொரு பாடம் இருக்கிறது. கிடங்கில் தூசு படிந்த பழைய கணினியும் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, மின் இணைப்பை முற்றாக நீக்கி, ஒருநாள் அதை வகுப்பில் திறந்து காட்டுங்கள். மின்வழங்கியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கும். செயலி, தாய்ப்பலகை, நினைவகம் என்று பெயர் சொல்லித் தொட்டுப் பார்க்கவிடுங்கள். “இது ஏன் அங்கே நுழையவில்லை?” என்று ஒரு பிள்ளை கேட்டால் உங்கள் பாடம் வென்றது. அக்கேள்விக்குத் தமிழிலேயே விடை சொல்ல முடியும் என்பதையும் அன்று அப்பிள்ளை அறிந்துகொள்ளும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பட்டியலோடு வந்தால் அதை மடித்துப் பையில் வைக்காதீர்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் “ஏன்?” என்று கேளுங்கள். விடை தெரிந்தால் அவனை நம்புங்கள். தெரியாவிட்டால் போய்ப் படித்து வரச் சொல்லுங்கள். கடைக்குப் போகும்போது பட்டியல் அவன் கையிலேயே இருக்கட்டும்.

சந்தையில் கண்ட அந்தத் தந்தைக்கும் இதையே சொல்லப் போகிறேன். என் இழுப்பறையில் கிடக்கும் அந்த நினைவகத்தையும் எடுத்துப் போகிறேன். பையனின் பட்டியலில் டிடிஆர்5 பலகை இருந்தால் அவனுக்கே கொடுத்துவிடுவேன். இல்லையென்றால், ஏன் பொருந்தாது என்று அவனே தன் அப்பாவுக்கு விளக்கட்டும்.

சிந்திப்போம்.