வேட்டி விருப்பமாம், சிகரெட் அவசியமாம்!

பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, ஊர் உலகத்துக்கு உடுத்தக் கொடுப்பவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். மானத்தை மறைக்கும் துணி மனிதனுக்கு அவசியமா, இல்லையா? சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ஷேர் மார்க்கெட்டைக் கேட்டால்தான் வேறு பதில் வருகிறது, தோழர்களே!

அமெரிக்காவில் எம்.எஸ்.சி.ஐ. என்றும் ஸ்டாண்டர்டு அண்ட் புவர்ஸ் என்றும் இரண்டு கம்பெனிகள். பங்கு விலைகளுக்குக் குறியீட்டு எண் போட்டு விற்பது இவற்றின் தொழில். 1999-ல் இரண்டும் கூடி ஒரு பட்டியல் போட்டன. 2023-ல் திருத்திய கணக்குப்படி அதில் 11 துறைகள், 25 தொகுதிகள், 74 தொழில்கள், 163 உட்பிரிவுகள். கம்பெனிகளைப் பிடித்து ஒவ்வொன்றையும் ஒரு கூண்டில் அடைக்கிறார்கள். முதலாளிகளின் பணம் அந்தக் கூண்டுகளைப் பார்த்துத் தேசம் விட்டுத் தேசம் பாய்கிறது.

கூண்டுக்குள் எட்டிப் பார்ப்போம். "அவசிய நுகர்பொருள்" என்று ஒரு துறை. மாவு, எண்ணெய், சோப்பு இருக்கின்றன, வாஸ்தவம். பக்கத்திலேயே சிகரெட்டும் பீரும் பிராந்தியும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன! துணி எங்கே? அது "விருப்ப நுகர்பொருள்" துறையில். கையில் காசு மிஞ்சினால் வாங்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்கிற சரக்காம். அங்கும் தனி இடமில்லை. ஜவுளி, உடை, ஆடம்பரப் பொருள் மூன்றும் சேர்ந்து ஒரே தொழில்! நாலு முழ வேட்டிக்கும் சீமாட்டியின் கைப்பைக்கும் ஒரே கூண்டு. கல்வியும் சூதாட்டக் கிளப்பும்கூட அதே துறைதான். (கல்வியைக் கம்பெனி நடத்துகிற காலம் வந்துவிட்டது தனிச் சங்கதி.)

கிறுக்குத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகக் கூடாது. இதில் கணக்கு இருக்கிறது. மந்தம் வந்து ஜனங்களின் வரும்படி குறைந்தால் எந்தச் சரக்கின் விற்பனை விழும், எது விழாது என்பதே அவர்கள் பிடிக்கும் அளவுகோல். மில்லில் லே-ஆப் என்றால் தொழிலாளி தீபாவளித் துணியை நிறுத்துகிறார். பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தை நிறுத்துகிறார். புகையை நிறுத்த முடிவதில்லை. நமது இல்லாமையை அளந்து பார்த்துத்தான் பெயர் சூட்டியிருக்கிறார்கள்!

"மார்க்ஸே புகையிலையை அவசியத்தில் சேர்த்தாரே?" என்று படித்த தோழர் கேட்கலாம். சேர்த்தார். உடம்புக்குத் தேவையோ இல்லையோ, பழக்கத்தில் தேவையாகிவிட்டால் போதும் என்று "மூலதனம்" இரண்டாம் பாகத்தில் எழுதினார். ஆனால் அவர் கிழித்த கோடு எது? தொழிலாளி வர்க்கமும் வாங்கும் சரக்கு ஒரு புறம். உபரி மதிப்பைத் தின்று முதலாளி வர்க்கம் மட்டுமே வாங்கும் ஆடம்பரம் மறு புறம். அந்தக் கோடு வர்க்கத்தைக் காட்டிக் கொடுத்தது. அமெரிக்கப் பட்டியலோ அதை மூடி மறைக்கிறது. வரவு எதில், லாபம் எதில், மார்க்கெட் என்ன நினைக்கிறது: கேள்விகள் இவ்வளவே. கூலி எவ்வளவு, ஆள் எத்தனை என்று கேட்க 163 உட்பிரிவுகளில் ஒன்றுகூடக் கிடையாது.

வேஷம் மாற்றவும் வழி உண்டு. பட்டுவாடாவுக்குப் பட்டுவாடா கட்டணம் பிடுங்கும் விசா, மாஸ்டர்கார்டு கம்பெனிகள் 2023 வரை "தொழில்நுட்பம்" என்ற சட்டையில் உலாவின. பிறகுதான் நிதித் துறைக்குத் தள்ளப்பட்டன.

அமெரிக்கச் சங்கதி நமக்கெதற்கு என்கிறீர்களா? நமது நாட்டு ஷேர் மார்க்கெட்டும் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2015 ஆகஸ்டிலிருந்து நமது பி.எப். பணத்தில் ஒரு பகுதி சென்செக்ஸ், நிப்டி பின்னால் போகிறது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, சர்க்கார் கேட்கவில்லை. அந்த நிப்டியில் ஐ.டி.சி. இருக்கிறது. அதன் லாபத்தில் பெரும் பகுதி சிகரெட்டில் வருவது. பட்டியலில் அதற்குப் பெயர் என்ன தெரியுமா? "பலவகை விரைவு நுகர்பொருள்"! சிகரெட் என்ற சொல்லே காணோம். விவசாயக் கூலிக்கு அந்தப் பி.எப்.பும் இல்லை.

எந்தக் கம்பெனியில், எந்தச் சரக்கில் நமது பணம் கிடக்கிறது என்று பி.எப். கணக்குச் சீட்டில் தமிழில் அச்சடித்துத் தர வேண்டும். ஒவ்வொரு மில் கேட்டிலும் இதைக் கேட்போம்.