நேராக இருந்தாற் போதுமா?

லொறியொன்று குறித்த வேகத்தை எட்டியதும் அடித்தட்டு அதிர்கின்றது; வேகந் தணிந்தால் அடங்கிவிடுகின்றது. உடனே ரயரைப் பழிப்பது நம்மவர் வழக்கம். புது ரயருக்குப் பணங் கரைந்த பின்னரும் அதிர்வு போகாதாயின், கியர்ப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் நீண்ட உருக்குக் குழாயை நோக்குதல் வேண்டும். கராஜ்காரர் இதனைப் 'புரொப்பெல்லர் சாப்ற்' என்பர்.

பின்னச்சு மேலுங் கீழும் அசைவதாதலின், இத்தண்டு சாய்வாகவே ஓட நேர்கின்றது. அதன்பொருட்டு இரு முனையிலுஞ் சிலுவை வடிவான மூட்டுக்கள் உள. ஆங்கில விஞ்ஞானி ரொபேட் ஹுக் 1676இல் வெளியிட்ட நூலில் விவரித்த மூட்டு இதுவே. இதற்கு ஒரு விசித்திர குணமுண்டு. ஒரு பக்கத்தைச் சீராகச் சுழற்றினும், மறு பக்கம் ஒரு சுற்றில் இரு முறை விரைந்து இரு முறை தளரும். வகுப்பில் நாம் மூட்டை 45 பாகை சாய்த்துக் கையாற் சுழற்றிக் காட்டினால், மாணவர் கண்ணுக்கே இது தெரிகின்றது. 10 பாகைச் சாய்வில் வேறுபாடு நூற்றுக்கு ஏறத்தாழ 1.5 வீதமே. அற்பமென்று எண்ணற்க! தண்டு நிமிடத்துக்கு 2,400 முறை சுழல்கையில், இந்த உலுக்கல் விநாடிக்கு 80 முறை நிகழ்கின்றது.

பரிகாரம் இரண்டாவது மூட்டில் இருக்கின்றது. முதல் மூட்டின் குறையை அது எதிர்மாறாகச் செய்து அழித்துவிடும். ஆனால் கியர்ப் பெட்டித் தண்டும் பின்னச்சின் பற்சக்கரத் தண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்றல் வேண்டும்; குழாயின் இரு முனைக் கவடுகளும் ஒரே தளத்தில் அமைதல் வேண்டும். எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்றலே சிறப்பென்பது தவறான எண்ணம். சாய்வு சிறிதுமில்லையேல் மூட்டினுள் இருக்கும் ஊசி உருளைகள் அசையாது, ஓரிடத்தையே அழுத்தித் தேய்த்துவிடும்.

பாரத்துக்காக வில்லுத் தகடுகளைக் கூட்டி வண்டியை உயர்த்துவோர் உளர். அப்போது இரு கோணங்களும் ஒருங்கே மிகும்; முனைகளில் குறை அழிந்தாலும், நடுக் குழாய் முன்னிலும் அதிகமாக உலுக்குண்ணும். இதனைத் திருத்தப் போய் வில்லுக்கும் அச்சுக்கும் இடையே அளவறியாமல் ஆப்புத் தகடு செருகினால், சமாந்தரமும் கெடும். கோணத்தை அளக்கும்போது வண்டி தன் சில்லுகளில் நிற்றல் அவசியம். ஜக்கில் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு எடுத்த அளவு பயன்படாது. குழாயைக் கழற்றுமுன் இணைப்பில் சுண்ணக்கட்டியாற் கோடிடுதலும் நன்று. பல் ஒன்று மாறிப் பூட்டினாலே கவடுகள் தளம் பிறழும்.

தேய்ந்த முன்மூட்டு ஓட்டத்தில் முறிந்தால், குழாயின் தலை வீதியிற் குத்தும். இதற்காகவே சில வண்டிகளில் முன்புறக் குழாயைச் சுற்றி இரும்பு வளையமொன்று பூட்டப்பட்டிருக்கின்றது. மாணவர்கள், நிறுத்தியிருக்கும் லொறியின் பக்கத்திற் குனிந்து இதனைப் பார்க்கலாம்.