போர்டைக் கழற்றிய பிறகு நீங்கள் யார்?

உங்கள் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறதா? அதில் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்தாச்சா? இப்போது பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் மனசுக்குள் அழித்துப் பாருங்கள். லேசாக வலிக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

எங்கள் ஊர் நெய்வேலி. 1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக உருவான டவுன்ஷிப். வட்டம் வட்டமாகப் பிரித்த வீதிகள், நிழலுக்குக் குறைவில்லாத மரங்கள். இங்கே ஒருத்தர் எந்த வட்டம், எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று சொன்னால் போதும், அவர் என்ன பதவி, எவ்வளவு சம்பளம் என்று எதிரே நிற்பவர் கணக்குப் போட்டுவிடுவார். கோயிலில், கல்யாண வீட்டில் யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்பதுகூட அந்தக் கணக்கில்தான் முடிவாகும்.

ஆனால் ஒன்று. ரிட்டயரானால் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போர்டைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அதிகாரி அப்படித்தான் வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போனார். மூன்றாம் மாதமே ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. ராத்திரித் தூக்கம் போச்சு. காரணம் என்ன தெரியுமா? ஒரு கவுன்ட்டரில் இருந்த பையன், "பெரியவரே, க்யூவில வாங்க" என்று சொல்லிவிட்டானாம்!

"எனக்குக் கீழே இருநூறு பேர் வேலை பார்த்தாங்க சார்! அவன் யாருன்னு நினைச்சுப் பேசறான்?" என்று என்னிடம் கொதித்தார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி நிதானமாகச் சொன்னார்: "இப்போ அந்த இருநூறு பேரும் நான் ஒருத்திதாங்க!"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

செருக்கு வேறு, பெருமிதம் வேறு

நம் தமிழ் இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு வகை உணர்ச்சிகளில் ஒன்றாகப் 'பெருமிதம்' வருகிறது. அதாவது, மனிதன் பெருமைப்படுவது தப்பில்லை என்று இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. அந்தப் பெருமிதம் எதிலிருந்து பிறக்கும் என்றும் நான்கு காரணங்களைச் சொல்கிறது: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை.

கவனித்தீர்களா? பதவி இந்தப் பட்டியலில் இல்லை. வீட்டின் அளவு இல்லை. வாசலில் நிற்கும் வண்டி இல்லை!

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வருவதைக் கண்டு, சும்மா விடாமல் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் ஜம்புலிங்க முதலியார். பிற்பாடு இந்தத் திட்டத்துக்காக நிலத்தையும் கொடுத்தார். அது கொடை. சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் தொழிலாளியின் துணிச்சல் இருக்கிறதே, அது அஞ்சாமை. 1998-ல் இங்கே புத்தகக் கண்காட்சி ஆரம்பித்தபோது பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்களே, அது கல்வி. இவற்றுக்காக யார் நெஞ்சை நிமிர்த்தினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். பெருமிதத்துக்குத் தன் வேலை போதும். செருக்குக்குத் தனக்குக் கீழே யாராவது ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் மூச்சு முட்டும்.

'தில்லானா மோகனாம்பாள்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு நாதஸ்வரத்தில் இருந்தது பெருமிதம். அதை நாம் ரசித்தோம். அதே மனிதர் மோகனாவைத் தப்பாக நினைத்துக்கொண்டு கொதிக்கிறாரே, அது செருக்கு. 'ஐயோ, இந்த ஆள் ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா' என்று தியேட்டரில் தவித்தோம். வீட்டுக்கு வந்து நாம் மட்டும் பொறுத்தோமா என்ன?

அப்படியானால் தலை குனிந்தே வாழணுமா?

சிலர் கேட்பீர்கள். கூடவே கூடாது! இங்கேதான் நம் சமூகம் ஒரு தில்லுமுல்லு செய்கிறது. மேலே இருப்பவர் நிமிர்ந்து நடந்தால் 'கம்பீரம்' என்கிறோம். காண்ட்ராக்ட் தொழிலாளி நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டால் 'திமிர்' என்கிறோம். மாமியார் சொன்னால் கண்டிப்பு, மருமகள் சொன்னால் வாய்த்துடுக்கு! மிதிக்கப்படுகிறவர் எழுந்து நிற்பது சுயமரியாதை. அதைக் கர்வம் என்று சொல்லி அடக்குவதுதான் அசல் கர்வம்.

'நான்' இதயத்துக்கு ஆகுமா?

1980-களில் அமெரிக்காவில் லாரி ஷெர்விட்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு வேடிக்கையான கணக்கு எடுத்தார்கள். பேட்டியின்போது ஒருவர் 'நான்', 'எனக்கு', 'என்னுடைய' என்று எத்தனை தடவை சொல்கிறார் என்று எண்ணினார்கள். அடிக்கடி சொன்னவர்களுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. இதை வைத்து 'நான்' என்று சொன்னாலே மாரடைப்பு என்று பயந்துவிடாதீர்கள். இது தொடர்புதான், தீர்ப்பு இல்லை. ஆனால் அடிக்கடி பொங்கும் கோபமும் பகைமையும் இதயத்துக்குக் கெடுதல் என்பதைப் பல ஆய்வுகள் சுட்டிக்காட்டுகின்றன. அந்தக் கோபத்துக்கு விறகு போடுவது யார்? இந்த 'நான்'தானே! அதை 'நான், எனது என்ற செருக்கு' என்று வள்ளுவர் எப்போதோ அடையாளம் காட்டிவிட்டார்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் கதையையும் கேளுங்கள். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சகத்தில் நடந்த தவறு என்று அண்ணன் இரண்டு தடவை ஆள் விட்டார். "பெயரே இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று சொல்லிவிட்டேன். ஆறு வருஷம் அந்த வாசல்படியை மிதிக்கவில்லை. ஏழாவது வருஷம் மிதித்தேன். கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். "வாடா" என்று சொல்ல ஆள் இல்லை.

அந்த ஆறு வருஷத்தில் எனக்கு என்ன கிடைத்தது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

உங்களுக்கு அப்படி ஒரு வாசல்படி இருந்தால், இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு ஒரு போன் போடுங்கள். யார் முதலில் பேசுவது என்று பார்க்காதீர்கள். முதலில் பேசுபவர் தோற்றதாக எந்த நூலிலும் எழுதவில்லை.

அந்த வடலூர் நண்பர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? டாக்டர் மாத்திரையோடு தினமும் காலையில் நடக்கச் சொன்னார். நடந்த வழியில் தருமசாலை. 1867-ல் வள்ளலார் ஏற்றிவைத்த அடுப்பு இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கும் இடம். ஒருநாள் உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இலைக்காரர் இவர் யார் என்று கேட்கவே இல்லை. "பசிக்குதான்னு மட்டும்தான் சார் கேட்டாங்க!" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் பழைய இறுக்கம் இல்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் அங்கே பரிமாறப் போகிறார். பி.பி. மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் தூக்கம் வருகிறதாம்.

கை வீசி நடப்பதற்கே கூச்சப்பட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நடந்ததாக வள்ளலார் தன் பாட்டில் சொல்கிறார். வீசி நடப்பது ஆணவமாகத் தெரிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. உங்கள் டாக்டர் கை வீசி வேகமாக நடக்கச் சொன்னால் தாராளமாக வீசி நடங்கள். மனசு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கூடவே வரட்டும்!