மொட்டை மாடிச் சாவி

"ரெண்டு எதுக்கு தம்பி?"

எட்டு அங்குல வட்டமாக வெட்டிய தடித்த கண்ணாடி இரண்டு வேண்டும் என்றபோது கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி இது. பிறகு அம்மா கேட்டாள். ஆபீஸில் கேட்டார்கள். சொந்தமாக டெலஸ்கோப் வைத்திருக்கும் நண்பர்களும் கேட்டார்கள். தெருவிளக்கும் கடல் ஈரமும் சேர்ந்து ராத்திரி வானத்தையே வெளிறடித்து வைத்திருக்கும் திருவல்லிக்கேணியில் ஒரு டெலஸ்கோப்பே அதிகம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி ராட்சத பைனாகுலர் செய்கிறேன் என்றால் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அவர்கள் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றோடும் எனக்குத் தகராறு இருக்கிறது.

முதலில், ஏன் இரண்டு?

நான் செய்த முதல் டெலஸ்கோப் ஒற்றைக் குழாய்தான். எட்டு அங்குலக் கண்ணாடி, ப்ளைவுட் பெட்டி. சனி கிரகம் நன்றாகத் தெரிந்த ஒரு சாயங்காலம் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் ஏழு பேராவது ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடச் சொன்னால் குழந்தைகளுக்கு இரண்டும் மூடிக்கொள்கிறது. கீழ்வீட்டு நானி ரொம்ப நேரம் குனிந்திருந்துவிட்டு, "என் இமை முடிதான் பேட்டா தெரியுது" என்றார். மற்றவர்கள் மரியாதைக்கு "சூப்பர்" சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. கடைசியில் அப்பாவின் பழைய பைனாகுலரை நானி கையில் கொடுத்து நிலாவைக் காட்டினேன். ஒரு நொடிதான். "யா அல்லா, குழி குழியா இருக்கே!"

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பிறந்ததிலிருந்து நாம் இரண்டு கண்ணால் பார்த்துப் பழகியவர்கள். ஒற்றைக் கண்ணால் பார்ப்பது ஒரு பயிற்சி, அது இருப்பவர்களுக்கு மட்டும் வானம் திறக்கிறது. மங்கலான பொருளை இரு கண்ணாலும் பார்க்கும்போது மூளை இரண்டு பிம்பங்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரு கண்ணின் தடுமாற்றத்தை இன்னொரு கண் சரிசெய்கிறது. மங்கலை உணரும் திறன் ஏறத்தாழ 1.4 மடங்கு கூடுகிறது. பரப்பளவுக் கணக்கில் இரண்டு எட்டு அங்குலக் கண்ணாடிகள் ஒரு பதினோரு அங்குலக் கண்ணாடிக்குச் சமம். "அப்ப ஒரே பதினோரு அங்குலமா வாங்கிடலாமே" என்பார்கள். வாங்கலாம். நானிக்கு மறுபடி இமை முடிதான் தெரியும்.

அடுத்தது, "செய்வானேன், வாங்கிக்கோயேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கையால் தேய்ப்பதில் காசு ஒன்றும் மிச்சமாகாது. ஒற்றைக் குழாய் வேண்டுமென்றால் கடையில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் இந்த அளவில் இரட்டைக் குழாய் கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் சாமான் இல்லை. உலகம் முழுக்க இதை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் தாங்களே செய்துகொண்டவர்கள். விருப்பப்பட்டியலில் சேர்த்து, ஆஃபர் வரும்வரை காத்திருக்கிற வேலை இதில் நடக்காது. எனக்கு இது பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்முறை கேட்க எளிது. இரண்டு கண்ணாடி வட்டுகள், நடுவில் கார்போரண்டம் பொடி, தண்ணீர். மேலே இருக்கும் வட்டைத் தள்ளித் தள்ளித் தேய்த்தால் அது குழியும், கீழே இருப்பது மேடாகும். எட்டு அங்குலக் கண்ணாடியில் நமக்கு வேண்டிய குழி நடுவில் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். பொடியை எண்பதாம் நம்பரில் தொடங்கி மேலும் மேலும் நைசாக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் தார் மாதிரி இருக்கும் பிட்ச்சின் மேல் சீரியம் ஆக்சைடு வைத்து மெருகேற்ற வேண்டும். முடிவில் பரப்பில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்படும் பிழை சுமார் எழுபது நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை அளக்கப் பெரிய லேப் எதுவும் வேண்டாம். 1858-ல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் சொல்லிக்கொடுத்த சோதனைக்கு ஒரு சிறு விளக்கும் ஒரு சவர பிளேடும் போதும். கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் ஒளிக்கூம்பை அது குவியும் இடத்தில் பிளேடால் வெட்டினால் பரப்பின் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். முதல்முறை என் தப்பை நானே அந்த நிழலில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பதினாறு வருடம் படித்தேன். என் பிழை எங்கே, எவ்வளவு என்று எந்தப் பரீட்சையும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

இரட்டைக் குழாயில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு கண்ணாடிகளின் குவியத்தூரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு கண்ணில் நிலா பெரிசு, இன்னொன்றில் சிறிசு, நடுவில் தலைவலி. என் முதல் கண்ணாடி 1210 மில்லிமீட்டர். இரண்டாவது 1245. அதாவது குழியில் வெறும் 0.06 மில்லிமீட்டர் ஆழம் குறைவு. மெருகேற்றி முடித்த கண்ணாடியை மறுபடி பொடிக்குக் கொண்டுபோனேன். இரண்டு மாதம் போயிற்று. இது போக, குழாய்கள் எட்டு அங்குலத்துக்கு மேல் விலகி நிற்க, நம் கண்கள் அறுபது மில்லிமீட்டர் சொச்சம்தான் விலகியிருப்பதால், ஒளியைத் திருப்பித் திருப்பி மூக்குக்கு இரு பக்கமும் கொண்டுவர மொத்தம் ஆறு கண்ணாடி. பார்ப்பவர் வானத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். ஆளுக்கு ஆள் கண் இடைவெளியை மாற்றித் தர வேண்டும். அறுபது மடங்கு பெரிதாக்கினால் குழாய்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கோணலும் அறுபது மடங்காகத் தெரியும். கஷ்டம்தான். கஷ்டமே இல்லாத விஷயங்களைத்தான் இந்த ஃபோனில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே.

மூன்றாவது வாதம்தான் அதிகம் பேர் சொல்வது. "மெட்ராஸ் வானத்துல என்னப்பா தெரியும்?"

பால்வீதி தெரியாது. மங்கலான விண்மீன் மண்டலங்கள் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் பதின்மூன்றாவது அட்சரேகையில் இருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். அகத்திய நட்சத்திரமான கனோபஸ் நமக்கு இருபத்துநாலு டிகிரி உயரம் வரை வரும். ஒமேகா சென்டாரி என்ற பெரிய நட்சத்திரக் கொத்து வரும். இவை இரண்டும் லண்டனில் இருப்பவருக்கு ஒருநாளும் அடிவானத்துக்கு மேலே வராதவை.

இதை நமக்கு முன்னால் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வான்காணகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். 1867-ல் ஆர் ரெடிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். நம் ஊரில் அதன் அதிகபட்ச உயரமே பதினாலு டிகிரிதான், தென்னை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, சாதாரண ஜனங்களுக்கு அதை விளக்க ஒரு பண்டிதரும் நண்பர்களும் உரையாடுவது போல ஒரு சிறு நூலே எழுதினார். நுங்கம்பாக்கம் இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். அவர் பெயரைத் தெரிந்த எத்தனை பேர் நம் தெருவில் இருக்கிறார்கள்?

பெயர் தெரிந்தாலும் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். கல்வெட்டு வைப்போம். இந்தப் பேட்டையின் பெருமையைப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம். சந்திரசேகர் பெரிய தெரு இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். ராமானுஜன் 1914-ல் கப்பலேறும் முன் ஹனுமந்தராயன் கோயில் தெருவில் இருந்தவர். எல்லாம் சரி. அந்தத் தெருக்களில் இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு லென்ஸைக் கையில் வைத்துப் பார்க்கத் தோன்றினால் எங்கே போகும்? நான் படித்த பள்ளியில் ஒரு டெலஸ்கோப் இருந்தது. பீரோவுக்குள். சாவி ஹெச்.எம். அறையில். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் வெளியே வரும், துடைப்பார்கள், உள்ளே போகும். சங்ககாலத்திலேயே நம்மவர்களுக்கு வானியல் தெரியும் என்று மேடையில் முழங்குகிறவர்களை நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இப்போது, இந்த நிமிடம், உங்கள் தலைக்கு மேல் இருப்பது என்ன நட்சத்திரம்?

வானம் படித்தவர்களுக்கானது என்ற பயமும் நமக்கு உண்டு. ஜெஸ்ஸூர் கஜானாவில் காசு எண்ணும் வேலை பார்த்த ராதாகோபிந்த சந்திரா மெட்ரிக் தேறாதவர். சொந்தக் காசில் வாங்கிய மூன்று அங்குல டெலஸ்கோப்பில் ஆரம்பித்து, மாறொளி நட்சத்திரங்களை 37,000 தடவைக்கு மேல் அளந்து அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பினார். அவர்கள் 1926-ல் ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் கப்பலில் அனுப்பிவைத்தார்கள். அது பின்னால் வைணு பாப்பு கைக்கு வந்து, கடைசியில் நம் காவலூருக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காவலூரின் முதல் டெலஸ்கோப்பும் 1968-ல் கொடைக்கானல் பட்டறையில் நாமே செய்துகொண்டதுதான். 1986-ல் வந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப்பின் கண்ணாடியைத் தேய்த்ததும் இங்கே பெங்களூரில்தான்.

கடைசியாக, சாவி.

ஜான் டாப்ஸன் என்ற அமெரிக்கர் சான்ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தின் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தார். பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் திருட்டுத்தனமாகத் தேய்த்து டெலஸ்கோப் செய்வார், தெருப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். 1967-ல் மடத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகும் அவர் நடைபாதையில்தான் நின்றார். அட்டைக்குழாயும் ப்ளைவுட்டும் வைத்து அவர் செய்த தாங்கிதான் இன்று உலகம் முழுக்க டாப்ஸோனியன். அதற்குக் காப்புரிமைகூட அவர் வாங்கவில்லை. அதே இயக்கத்தின் சென்னை மடம் ஆரம்ப வருடங்களில் இயங்கியது எங்கள் ஐஸ் ஹவுஸில். எதிரே மெரினா, சாயங்காலமானால் ஊரே அங்கேதான். ஒரு நடைபாதை டெலஸ்கோப்புக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் உண்டா?

எனக்கு முதலில் மாடியே கிடைக்கவில்லை. "லைட்டைக்கூட அணைச்சிட்டு மேல என்ன பண்றீங்க?" என்று கேட்டார் ஹவுஸ் ஓனர். அடுத்த வாரம் பூட்டு. வடாம் காயவைத்த, வெயில்காலத்தில் குடும்பமாகப் படுத்துத் தூங்கிய மொட்டை மாடிகள் இந்த ஊரில் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. சின்னப் பிள்ளைகள் வானத்தை முழுசாகப் பார்ப்பதே சுற்றுலா போனால்தான்.

அதனால் நான் கேட்பது பெரிய ஆய்வகம் இல்லை. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு பீப்பாய், இரண்டு கண்ணாடி வட்டு, கொஞ்சம் பொடி. தெருவிளக்குகளின் மேல்பக்கத்துக்கு ஒரு மூடி. பள்ளி பீரோவின் சாவி பிள்ளைகள் கையில். மாடிச் சாவி குடியிருப்பவர்கள் கையில். இதைப் படிக்கும் நீங்கள், அடுத்த கவிதையில் நட்சத்திரத்தைப் போடுமுன், உங்கள் வீட்டு மாடி திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் சண்டை போடுங்கள்.

நான் போட்டேன். சனிக்கிழமை ஏழிலிருந்து ஒன்பது வரை சாவி தருவதாக ஓனர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாவது கண்ணாடி இப்போது 1216-க்கு வந்திருக்கிறது. "அந்த ரெண்டு கண்ணு டப்பா எப்ப பேட்டா?" என்று படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் நானி கேட்கிறார்.